மாலை போட்ட வாயில் பூண்டு வாடை

17 நவம்பர் 1983, வியாழன்

விடியுமுன்னே மழை. குற்றாலம் மெயின் அருவியில் வெள்ளம், போலீஸ் யாரையும் விடவில்லை. புலியருவியில் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு கோயிலுக்குப் போய் மாலை போட்டுக்கொண்டோம். குருசாமி கையால். மேலகரத்தில் டீக்கடை வைத்திருப்பவர். எங்கள் கூட்டத்தை வருஷா வருஷம் சபரிமலைக்குக் கூட்டிப்போகிறவர் அவர்தான்.

எனக்கு இது முதல் வருஷம், கன்னிசாமி. அண்ணன் பல வருஷமாகப் போகிறவன். "இவனாலல்லாம் ஒரு மண்டலம் தாங்காது சாமி. நாலாம் நாளு சாராயக்கடையில நிப்பான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். கழுத்தில் மாலை ஏறியிருந்ததால் பிழைத்தான். இல்லாவிட்டால் அங்கேயே பல்லைக் கழற்றியிருப்பேன்.

கோபம் வந்தால் எழுது என்றார் குருசாமி. பொங்கலுக்கு மர அறுவை மில் முதலாளி கொடுத்த டைரி ஒரு எழுத்தும் படாமல் கிடக்கிறது. எனவே இது.

விட்டவை: சாராயம். பீடி. கறி, மீன். செருப்பு. சவரம். கைநீட்டுவது.

கடைசியை நான் சேர்க்கவில்லை. இசக்கி சேர்த்தாள். "அதையும் எழுதிக்கிடுங்க சாமி" என்றாள். கட்டிய நாளிலிருந்து இப்படி வாய் திறந்தவள் இல்லை. மாலை எனக்கு, தைரியம் அவளுக்கு.

20, ஞாயிறு

மழை. கை நடுக்கம். சாயங்காலமானால் கால் தானாகவே சாராயக்கடை இருக்கிற செங்கோட்டை ரோட்டுப் பக்கம் திரும்புகிறது. காலில் கல்லைக் கட்டினவன் மாதிரி வீட்டுக்கு நடந்தேன்.

மில்லில் நேற்று நடந்ததை எழுதவேண்டும். மலையாளத்திலிருந்து வந்த தேக்குத் தடி. நல்ல தடி, வெளியே ஒரு கணு இல்லை. பாதி அறுப்பு ஓடும்போது உள்ளே ஆணி. யார் எந்தக் காலத்தில் அடித்தானோ, மரம் மூடி வளர்ந்துவிட்டது. ரம்ப வாள் அறுந்து, சாட்டை மாதிரி பறந்து, என் காதோரம் போய்ப் பின்னாலிருந்த தகரத்தைக் கிழித்துக்கொண்டு நின்றது. ஒரு விரற்கடை. அவ்வளவுதான். எல்லாரும் ஐயப்பன் காப்பாற்றினான் என்றார்கள். நான் கோடாலியை எடுத்து அந்தத் தடியைக் கை ஓயுமட்டும் கொத்தினேன். அப்புறம்தான் நடுக்கம் நின்றது.

தடியைக் கொத்தியது கைநீட்டினதில் சேராது.

24, வியாழன்

சோற்றில் பூண்டு. மாலை போட்ட வீட்டில் பூண்டு! வாயில் வைத்ததும் அந்த வாடை. தட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன்.

இசக்கி சோற்றை வழித்தாள். வீட்டில் பூண்டே இல்லையாம், மாலைக்கு முதல்நாளே எடுத்து எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டாளாம். அடுப்படி முழுக்கத் துழாவினேன். இல்லைதான். ஆனால் வாயில் இருக்கிறதே. ராத்திரி துளசி மென்றேன், அப்போதும் பூண்டு. அடியில் ஒரு இரும்புச் சுவை வேறு.

தட்டு விளிம்பு பட்டு அவள் முழங்கை கிழிந்துவிட்டது. கொஞ்சம் ரத்தம். அது தட்டு செய்தது. நான் தொடவில்லை.

28, திங்கள்

சாரல் மாதிரி தூறல். குற்றாலத்தில் சாமிமார் கூட்டம், கார் நிறுத்த இடமில்லை.

பகலில் தூக்கம் தூக்கமாக வருகிறது. குடிக்கிற நாளில்கூட மிஷினில் நின்று கண் சொக்கியதில்லை.

ஒன்று சொல்லவேண்டும். இசக்கி இப்போது என்னை நன்றாகக் கவனிக்கிறாள். குளித்துவிட்டு வந்ததும் கருப்பட்டிக் காப்பி. கையில் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும்வரை நிற்கிறாள். அடிமண்டி கிடந்தால் "அதையும் குடிச்சிருங்க சாமி" என்கிறாள். முன்னெல்லாம் டம்ளரை வைத்துவிட்டு ஓடிவிடுவாள். மாலைக்கு இருக்கிற மரியாதை மனுஷனுக்கு இல்லை. இருக்கட்டும்.

டீக்கடையில் காதில் விழுந்தது. ஒரு சாமி இன்னொரு சாமியிடம்: "மாலையக் கழத்துத அன்னைக்கு இருக்குடே நமக்கு." அண்ணன் சிரித்தான். நானும் சிரித்தேன். கழற்றுகிற நாளை நினைத்தாலே நாக்கு ஊறுகிறது. தப்பென்று தெரிகிறது. ஊறுகிறது.

3 டிசம்பர், சனி

காய்ச்சல். இருமல். உடம்பெல்லாம் தடியால் அடித்த வலி. குளிரில் தலைமுழுக வேண்டாம் என்றார் குருசாமி. அண்ணன் ஒரு பார்வை பார்த்தான். போய் இரண்டு வேளையும் முழுகினேன்.

6, செவ்வாய்

காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. அண்ணன் செங்கோட்டையில் மலையாள வைத்தியரிடம் அரிஷ்டம் வாங்கிவந்தான். அவனுக்கு என்மேல் இரக்கமெல்லாம் இல்லை, இருமுடி தூக்க ஆள் குறையக்கூடாது. விரதத்தில் இது ஆகுமா என்று குருசாமியைக் கேட்டேன். "மருந்துதான சாமி, மருந்துக்கு விலக்கு உண்டு" என்றார்.

அந்தி நேரம் ஒரு மூடி குடித்தேன். முகம் கொதித்தது, காது மடல் சுட்டது, நெஞ்சு படபடவென்றது. காய்ச்சல் ஏறுகிறது போல.

ஆனால் தொண்டையில் இறங்கும்போது ஒரு காரம். நாக்குக்குப் பழைய சிநேகிதம் தெரிந்துவிட்டது.

11, ஞாயிறு. பாளையங்கோட்டை, ஆஸ்பத்திரி

இசக்கியிடம் டைரியைக் கொண்டுவரச் சொன்னேன். கொண்டுவந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் பயமில்லை.

புதன்கிழமை நடந்ததை எழுதுகிறேன். பேனா பிடித்தால் மூச்சு வாங்குகிறது.

அண்ணன் வீட்டில் பஜனை. கிளம்புமுன் அரிஷ்டப் புட்டியில் பாதியை ஒரே மூச்சில் இழுத்துவிட்டேன். மருந்துதானே. பாதி இருமலுக்கு, பாதி எனக்கு. இதை இந்த டைரியில் மட்டும் எழுதுகிறேன்.

இரண்டு சரணம் சொல்லுமுன்னே முகம் தீப்பிடித்தது. நெஞ்சுக்குள் யாரோ கடப்பாரையால் உள்ளிருந்து இடிக்கிறான். கண் இருட்டியது. விளக்கு முன்னாலேயே, சாமி படத்துக்கு முன்னாலேயே வாந்தி. எல்லாருக்கும் வாடை அடித்துவிட்டது.

"மாலையோட குடிச்சிட்டு வந்திருக்கான்லே" என்றான் அண்ணன்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கன்னத்தில் அறைந்தான். மாலையைக் கொத்தாகப் பிடித்து இழுத்து அறுத்தான், மணிகள் சிதறி உருண்டன. கீழே விழுந்தவனை நெஞ்சில் மிதித்தான். ஒரு மிதி இல்லை. நான் எண்ணவில்லை. குருசாமி கத்திக்கொண்டு குறுக்கே விழுந்து பிடித்த பிறகுதான் நிறுத்தினான். நல்ல திடமாக இருந்த காலத்தில் தொட்டிருந்தால் அவன் காலை ஒடித்து அவன் கையில் கொடுத்திருப்பேன்.

வாசல் நிலைப்பக்கம் இசக்கி நின்றாள். "நான் சாராயம் தொடலன்னு சொல்லுட்டி" என்றேன். அவளுக்குத் தெரியும், நான் சாராயக்கடைப் பக்கமே போகவில்லை. வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

அந்த மூடின வாயை மறக்கமாட்டேன்.

13, செவ்வாய்

வெளியே மழை, உள்ளே ஒழுகல். பக்கத்துக் கட்டில்காரன் முனங்கிக்கொண்டே இருக்கிறான். எழுந்து போய் வாயை அடைக்க வேண்டும் போலிருக்கிறது. எழ முடியவில்லை.

படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். இதயத் தசை வீங்கியிருக்கிறதாம். டாக்டர் சின்ன வயசு, பொறுமைசாலி. காய்ச்சல் கிருமியால் இப்படி வரும் என்கிறார். அண்ணன் மிதித்ததும் சும்மா விடாது, ஆனால் தசை முழுக்க வீங்க அது மட்டும் காரணம் இல்லை என்கிறார். குடித்தீர்களா என்று மூன்றாம் தடவையும் கேட்டார். சாராயம் தொடவில்லை என்று சாமி சத்தியமாகச் சொன்னேன். மருந்தையெல்லாம் யார் சொல்வார்? சரி சரி என்று தலையாட்டினார். நம்பவில்லை.

வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லியிருக்கிறேன். இசக்கியின் பல் போனபோது படியில் வழுக்கினாள் என்றேன், ஊரே நம்பியது. இன்றைக்கு உண்மையைச் சொல்கிறேன், ஒரு நாய் நம்பவில்லை. அழுகை வந்தது. பக்கத்துக் கட்டில்காரன் பார்ப்பான் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

15, வியாழன்

இன்றைக்கு எல்லாம் வெளியே வந்தது.

அண்ணன் வந்தான். மிதித்த காலோடு வந்து கட்டிலோரம் நின்றான், முகத்தைப் பார்க்கவில்லை. பையிலிருந்து புட்டியை எடுத்தான். தெம்புக்கு என்றான். இசக்கி என்ன அது என்று கேட்டாள். "அன்னைக்கு இருமலுக்கு வாங்கிக் குடுத்தேம்லா, அதே அரிஷ்டந்தான். முந்தினது பாதி தீந்துபோச்சு."

இசக்கி புட்டியை வாங்கித் திறந்து மோந்தாள். முகம் செத்துவிட்டது. அடுத்த நிமிஷம் அதைத் தலைக்குமேல் தூக்கித் தரையில் அடித்தாள். கண்ணாடி வார்டு முழுக்கத் தெறித்தது. இத்தனை வருஷத்தில் அவள் ஒரு பொருளை உடைத்து நான் பார்த்ததில்லை. நர்ஸ் ஓடிவந்தாள், டாக்டர் வந்தார்.

டாக்டரைப் பார்த்துத்தான் சொன்னாள். என்னைப் பார்க்கவில்லை.

"அவிய சாராயம் குடிக்கல சார். நாந்தான் குடிய மறக்கதுக்கு மாத்திரை குடுத்தேன். காப்பியில பொடிச்சுப் போட்டு, தெனமும்."

ஆடியில் பல் போனதும் பக்கத்து ஊரில் ஒரு டாக்டரிடம் போய் வாங்கியிருக்கிறாள். அவர் சொன்னாராம்: அவருக்குச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும், குடி நின்று இரண்டு மூன்று நாள் ஆன பிறகுதான் தொடங்கவேண்டும். நான் எங்கே இரண்டு நாள் நின்றேன். அரிசிப்பானைக்குள் வைத்துக் காத்திருந்திருக்கிறாள். மாலை போட்டேன், நின்றேன். மூன்றாம் நாள் தொடங்கிவிட்டாள். மாலை கழற்றுகிற அன்றைக்கு நான் போய்க் குடிப்பேன், அந்த ஒரு தடவையில் உடம்பு பயந்துபோகும், அப்புறம் ஜென்மத்துக்கும் தொடமாட்டேன். அதுதான் அவள் போட்ட கணக்கு. அரிஷ்டத்தில் சாராயச் சத்து இருக்கும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, குருசாமிக்கும் தோன்றவில்லை. புதன்கிழமை நான் திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டேன் என்றே அவளும் நினைத்திருக்கிறாள். அதனால்தான் மூடின வாய்.

அண்ணன் அவள் தலைமுடியைப் பிடித்தான். நான் அவள் கழுத்தைப் பிடிக்கத்தான் எழுந்தேன், உண்மையைச் சொன்னால். இரண்டு அடி வைக்கவில்லை, கண்ணாடிச் சில்லில் கால் வைத்து விழுந்தேன். நர்ஸ் அண்ணனைத் தள்ளி வெளியே அனுப்பினாள்.

உள்ளங்காலில் நாலு தையல்.

16, வெள்ளி

மழை இல்லை.

டாக்டர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொன்னது, எனக்குப் புரிந்தமட்டும்:

சாராயம் உடம்புக்குள் சாராயமாகவே இருப்பதில்லை. ஈரல் அதை வேறொன்றாக மாற்றுகிறது. அதன் பெயர் அசிட்டால்டிஹைடு. எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். இனிமேல் அ.டி. சாராயத்தைவிட அ.டி. பொல்லாதவன். சும்மா இருக்கமாட்டான், எதைத் தொட்டாலும் அதில் ஒட்டிக்கொள்வான். அதனால் ஈரல் அவனையும் சீக்கிரமே உடைத்துப் புளித்த காடியாக்கி அனுப்பிவிடும். இசக்கி கொடுத்த மாத்திரை அந்த உடைக்கிற வேலையை மறித்துவிடும். அ.டி. தேங்கிப்போவான். முகச்சிவப்பு, வாந்தி, படபடப்பு எல்லாம் அவன் வேலை. அரிஷ்டத்திலும் சாராயச் சத்து உண்டு. வாயில் அடித்த பூண்டு வாடை மாத்திரையால் வருவதாம். அப்போதாவது சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தட்டைத்தான் எறிந்தேன்.

அப்படியானால் நெஞ்சு வீங்கியது அவள் மாத்திரையால்தானே என்று கேட்டேன். குற்றத்தை அவள் பேரில் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டும் என்றிருந்தது.

டாக்டர் அவ்வளவு லேசாகப் பிடி கொடுக்கவில்லை. காய்ச்சல் கிருமி ஒரு பங்கு இருக்கலாம். மாத்திரையும் அரிஷ்டமும் சேர்ந்து ஒரே நாளில் நெஞ்சை அடித்ததும் உண்மை. ஆனால் இத்தனை வருஷச் சாராயத்தில் தினமும் அ.டி. வந்துபோய்க்கொண்டுதான் இருந்தான். அவன் இதயத் தசையில் போய் ஒட்டினால், ஒட்டின இடம் உடம்புக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். உடம்பின் காவல் அதை வேற்றாள் என்று நினைத்து அடிக்கலாம். அந்த அடியில் தசை வீங்கலாம். எல்லாம் 'லாம்'தான். பெரிய ஆராய்ச்சிக்காரர்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். எது எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல அவரால் முடியாதாம்.

"வீட்டு ஆளையே திருடன்னு நெனச்சு அடிக்க மாதிரி" என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. இசக்கியின் முழங்கைத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படித்தவன் புத்தி. எங்கே குத்துவது என்று தெரிந்து குத்துகிறான்.

இனி ஒரு சொட்டும் கூடாது. ஒரு தடவை குடித்தாலும் நெஞ்சு நின்றுபோகலாம். அந்த மாத்திரையும் கூடாது, இந்த நெஞ்சுக்கு அது விஷம். மிச்சத்தை இசக்கியிடமிருந்து வாங்கிக்கொண்டார்.

19, திங்கள்

படுத்துக்கொண்டே அவளை எப்படியெல்லாம் கொல்லலாம் என்று யோசித்தேன். அருவிக்குக் கூட்டிப்போய் ஒரு தள்ளு. மில்லில் தடி உருட்டுகிற இடம். வெறும் கை. எதை நினைத்தாலும் நெஞ்சு திமிறிக்கொண்டு அடிக்கிறது, நர்ஸ் ஓடிவந்து திட்டுகிறாள். கொல்ல நினைக்கக்கூட எனக்குச் சீவன் இல்லை.

தேக்குக்குள் ஆணி மாதிரி எனக்குள் அடித்துவிட்டாள். தினமும் ஒன்று. கருப்பட்டிக் காப்பியில். மரியாதை என்று நான் எழுதியிருக்கிறேனே, அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். கிழிக்கவில்லை.

குருசாமி வந்தார். சிதறின மணிகளைப் பொறுக்கி ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டுவந்தார். மருந்துக்கு விலக்கு உண்டென்று சொன்ன வாய் தன் வாய்தான் என்று நாலைந்து தடவை சொன்னார். அண்ணனும் அவரும் கூட்டமும் வெள்ளிக்கிழமை மலைக்குக் கிளம்புகிறார்கள். நான் இல்லை. சாராயத்துக்காக இத்தனை வருஷத்தில் நான் இப்படி ஏங்கினதில்லை.

23, வெள்ளி. வீடு

செவ்வாய்க்கிழமையே விடுவித்துவிட்டார்கள். பஸ்ஸில் பாவூர்சத்திரம் தாண்டும்போது காய்கறி லாரிக்காரன் ஒருவன் குறுக்கே ஏற்றினான். வழக்கமாக இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

இசக்கி தாய்வீட்டுக்குப் போயிருப்பாள் என்று அண்ணி நினைத்தாளாம். போகவில்லை. என்கூடவே இறங்கி, கதவைத் திறந்து, வீட்டைக் கூட்டினாள். ஏன் போகவில்லை என்று கேட்டேன். துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டுச் சொன்னாள்:

"கொல்லணும்னு நெனச்சுக் குடுக்கல. குடி நிக்கணும்னுதான் குடுத்தேன். இப்ப மாத்திரையும் போயிட்டு, மாலையும் போயிட்டு. இனிமே உங்கள எது நிப்பாட்டும்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிக்கிட்டுப் போறேன்."

சாமி என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

காலையும் மாலையும் நாடி பார்க்கிறாள். நர்ஸ் கற்றுக்கொடுத்திருக்கிறாள். மணிக்கட்டில் இரண்டு விரல், உதடு அசைய எண்ணுகிறாள். மாட்டைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கிறாள், எரிச்சலாக வருகிறது. காப்பியை நான் தொடவில்லை. நாலு நாளாகத் தண்ணீரை நானே மொண்டுதான் குடிக்கிறேன்.

30, வெள்ளி

வெயில். நல்ல வெயில்.

கூட்டம் மலையிறங்கி வந்துவிட்டது. கோயிலில் மாலையைக் கழற்றிவிட்டு அண்ணன் நேரே இங்கே வந்தான். ஒரு கையில் அரவணைப் பாயசம், மறு கையில் பேப்பர் சுற்றின புட்டி. வாயில் ஏற்கெனவே வாடை. என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான், மிதித்த இடத்தை. "மனசுல வச்சிக்கிடாதலே" என்றான். ஒரு மூடி மட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்றான். நான் எடுக்கவில்லை. வைத்துவிட்டுப் போனான்.

எடுக்கவில்லை என்று எழுதினேன். அவன் போன பிறகு எடுத்தேன். மூடியைத் திருகினேன். பயம் இல்லை, ஆசைதான்.

இசக்கி அடுப்படியிலிருந்து வந்து குறுக்கே நின்றாள். விலகு என்றேன். விலகவில்லை. காப்பி, ஆணி, மூடின வாய், எல்லாம் ஒன்றாக மண்டைக்கு ஏறியது. கையை ஓங்கினேன்.

ஓங்கின கையை மணிக்கட்டில் பிடித்தாள். தடுக்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. இரண்டு விரலை வைத்து நாடி பார்க்கிறாள். உதடு அசைகிறது. நான் ஓங்கினபடியே நிற்கிறேன், அவள் எண்ணி முடிக்கட்டும் என்று.

"ஒரே பாய்ச்சலா ஓடுது" என்றாள். "இனிமே நீங்க என்னைய அடிச்சா, விழப்போறது நான் இல்ல."

கையை விட்டாள். அது தானாக இறங்கியது. மூச்சு வாங்கியது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். புட்டியை வாங்கி மூடியை இறுக்கி அலமாரியில் வைத்தாள், கண்ணுக்குத் தெரிகிற இடத்தில். கொட்டவில்லையா என்று கேட்டேன். கொட்டினால் வேறு வாங்குவீர்கள் என்றாள்.

சோறு போட்டாள். தட்டை இழுத்து மோந்து பார்த்தேன். பூண்டு இல்லை. இருந்தும் கை போகவில்லை. அவள் எதிரே உட்கார்ந்து, என் தட்டிலிருந்தே ஒரு கவளம் உருட்டி, என்னைப் பார்த்தபடியே மென்று விழுங்கினாள். தட்டை என் பக்கம் தள்ளினாள்.

அவள் மிச்சத்தைத் தின்றேன்.